நிழலில் ஏறிய நீலம்

ஆவணி மாதத்தில் ஒரு நாள் தூத்துக்குடியில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து நின்று, விளக்குக் கம்பம், வேப்பமரம், தபால்காரர் என்று யாருக்கும் பாரபட்சம் பார்க்காமல், எல்லோருடைய நிழலையும் சுருட்டி அவரவர் காலடியிலேயே போட்டுவிடும். அந்த நாளில், அந்த நேரத்தில்தான், ஆரோக்கியமாதா கோயில் தெரு ஏழாம் நம்பர் வீட்டு மெட்டில்டா கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கோயில் பாடற்குழுப் பெண்கள் பதினெட்டுப் பேரும் திருவிழாவுக்கு ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்பதற்காக, வெள்ளைப் பருத்திப் புடவைகளை முடிச்சு முடிச்சாகக் கட்டி நீலச் சாயத்தில் முக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரே மாதிரிப் புடவைதானே, கடையில் எடுத்தால் ஆகாதா என்று கேட்டவர் பாடற்குழுத் தலைவி அமலோற்பவம் டீச்சர். முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், இன்னும் எதிரில் நிற்பவரையெல்லாம் பெஞ்சு மேல் ஏறி நிற்க வைக்கும் பார்வையோடு நடமாடுகிறவர். டீச்சர் பார்த்து வைத்திருந்தது மினுமினுக்கும் பாலியெஸ்டர். அதைக் கட்டிக்கொண்டு நாலு மணி வெயிலில் தேருக்குப் பின்னால் பாடிப்போனால் மாதாவுக்கு முன்னால் நாங்கள் பதினெட்டுப் பேரும் சொர்க்கம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று மெட்டில்டா சொன்னாள். சொன்னதோடு நில்லாமல், நானே வீட்டில் சாயம் போட்டுத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டாள். வாய் அவளுக்கு எப்போதும் மூளையைவிட ஒரு பஸ் முன்னால் போகும்.

ஆனால் எடுத்த காரியத்தை ஏனோதானோ என்று செய்கிறவள் இல்லை. கன்னியாஸ்திரீகளிடம் பன்னிரண்டு வருடம் படித்ததில் அவளுக்கு மிஞ்சியது இரண்டு: நிமிர்ந்து உட்காருவது, அச்சடித்த எதையும் கடைசிப் புள்ளிவரை வாசிப்பது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை வாசித்துவிட்டு டாக்டரையே திணற அடித்தவள். சாயப்பொடியோடு வந்த இங்கிலீஷ் தாளை மூன்று தடவை வாசித்தாள். பொடியைக் காற்றில் பறக்கவிடாதே என்றிருந்தது. கொல்லைக் கதவைச் சாத்தி, காற்று அடங்கும்வரை காத்திருந்து, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி போட்டுக்கொண்டு கலக்கினாள். கையில் படக் கூடாது என்றிருந்தது. முழங்கைவரை ரப்பர் கையுறை. சாயம் தொட்ட பாத்திரமும் கரண்டியும் பிறகு சமையலுக்கு ஆகாது என்றிருந்தது. அதற்கென்றே பிளாஸ்டிக் தொட்டியும் மரக்கரண்டியும் வாங்கி, மறந்தும் யாரும் சமையல்கட்டுக்குள் கொண்டுபோகாதபடி இரண்டிலும் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டாள். பழைய நைட்டி ஒன்றை மாட்டி, இடுப்பில் துண்டை இறுகக் கட்டி, கொண்டையை ரப்பர் வளையத்தால் முறுக்கிவிட்டு உட்கார்ந்தாள். சாயம் பிடிப்பதற்காக முதலில் துணியைச் சலவைச் சோடாத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும், ஊறவைத்தாள். பிறகு சாயத் தொட்டி. இரண்டின் மேலும் குனிந்தபடியேதான் இருந்தாள். உச்சி வெயிலில் சோற்றுத்தட்டு அளவுக்குச் சுருங்கிக் கிடந்த அவளுடைய நிழல், அவள் தொட்டிமேல் குனிந்தபோதெல்லாம் அவளோடு குனிந்து, முதலில் சோடாவிலும் பிறகு சாயத்திலும், முறை தவறாமல், முழுசாக ஊறியது. தாளில் நிழலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் காலையில் அதை முதலில் பார்த்தது மீன்கார சூசையம்மா. வாசலில் கூடையை இறக்கி, நகரை மீனைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தவள், தரையைப் பார்த்து, "ஏம்மா, ஒன் நெழல்ல சாயம் கொட்டிக் கெடக்கே" என்றாள்.

மெட்டில்டா குனிந்து பார்த்தாள். நல்ல மாதாநீலம். இடுப்பில் துண்டு கட்டியிருந்த இடத்தில் ஒரு சாம்பல் பட்டை, அதிலிருந்து மேலும் கீழும் கதிர்கதிராகப் பிரிந்து போயிருந்தது. கொண்டையைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம். கையுறை போட்டிருந்த முழங்கைவரையும் அதே பழைய சாம்பல் நிறம், ஒரு பொட்டு நீலம் இல்லை.

"கொட்டல. ஏறியிருக்கு" என்றாள் மெட்டில்டா. "கொட்டியிருந்தா கழுவிரலாம்." பிறகு தன் நிழலின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கையுறை நல்ல சாமான்தான் என்று சொல்லிவிட்டு, நகரைக்கு விலை படியாமல் மத்தி வாங்கினாள்.

புதுச் சாயம் முதல் இரண்டு நாள் வடியும், மற்றத் துணியோடு சேர்க்காதே என்று அந்தத் தாளிலேயே எட்டாவது வரியில் இருந்தது. துணியைத் தனியாக வைக்கலாம். நிழலை எங்கே தனியாக வைப்பது? கூடையைத் தூக்கிக்கொண்டு தெரு முனை போவதற்குள் சூசையம்மாவின் நிழலில் இடது தோள் நீலமாகியிருந்தது. பால்காரருக்குச் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்திருந்த ஒரு கையின் நிழல். முனையில் வண்டி வைத்து இஸ்திரி போடும் பேச்சிமுத்து, மடிப்புக் கலையாத மனுஷன், மெட்டில்டாவிடம் துணியை வாங்கியபோது அவனுடைய நிழலில் நெற்றி முழுதும் நீலம் ஒட்டிக்கொள்ள, சூடு காட்டினால் போகுமா பார்ப்போம் என்று தன் நிழல்மேலேயே இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தான். நீலம் போகவில்லை, தேய்த்த இடம் பளபளவென்று இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தலையில் கைவைத்து ஆசீர்வதித்த பங்குச் சாமியாருக்கு வலது கை. யாரையும் ஆசீர்வதிக்காத தெருநாய்க்கு ஒரு காது.

எல்லோரையும்விட அதிகம் வாங்கிக்கொண்டது அமலோற்பவம் டீச்சர். புடவையில் வளையங்கள் ஒன்றுபோல் இல்லை, ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்று கோயில் மதில் ஓரமாக நின்று அவர் மெட்டில்டாவோடு நாற்பது நிமிஷம் மூக்கோடு மூக்கு வைத்துச் சண்டை போட்டதில், பாதி நிழல், நெடுக்குவாட்டில், ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் நீலமாகிவிட்டது.

தெரு இதற்கெல்லாம் பயந்துவிடவில்லை. முந்தின வருடம் குடிதண்ணீர்க் குழாயில் ஒரு வாரம் மோர் வந்தபோது வரிசையில் நின்று பிடித்துக் கறிவேப்பிலை தாளித்துக் குடித்த தெரு அது. நிழல் சாயம் வடிந்தால் வடியட்டும், வெள்ளைச் சுவர் வைத்திருப்பவர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருந்துகொள்ளட்டும் என்று முடிவாயிற்று. சாயம் ஏறிய நிழலோடு கோயிலுக்குள் வரலாமா என்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஒரு கேள்வி எழுந்தது. கோயிலுக்குள் வெயில் வராது, ஆகவே கேள்வியும் வராது என்று சாமியார் சொல்லி, தன் வலது கையை அங்கிக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வடிவது நின்றது. அதற்குள் வராதவர்கள் வருத்தப்பட்டார்கள். மேலத்தெருவிலிருந்து இரண்டு பெண்கள் தங்கள் நிழலுக்கும் போட்டுத் தரச் சொல்லி வந்து நின்றபோது, முகமூடி இருக்கிறதா, கையுறை இருக்கிறதா, தனிப் பாத்திரம் இருக்கிறதா என்று மெட்டில்டா கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பிப் போனார்கள். மாட்டிக்கொள்ளச் சோம்பல் உள்ளவர்களுக்குச் சாம்பல் நிறமே போதும் என்பது அவளுடைய கட்சி.

டீச்சர் யாரையும் கேட்கவில்லை. மெட்டில்டாவின் நீலத்தைச் சுமந்துகொண்டு நடப்பதா என்று எங்கிருந்தோ மஞ்சள் சாயப்பொடி வரவழைத்து, முகமூடி இல்லாமல், மின்விசிறிக்குக் கீழே, சாம்பார்க் கரண்டியால் கலக்கி, மாடியில் நிழலை முக்கினார். நீலப் பாதி பச்சையாயிற்று, மறுபாதி மஞ்சளாயிற்று. கிளி மாதிரி இருந்தது. அதுகூடப் பரவாயில்லை, பொடி பறந்ததில் டீச்சருக்கு ஒன்றும் ஆகாமல் அவருடைய நிழலுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. டீச்சர் ஆடாமல் அசையாமல் நின்று சுருதி பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார். பின்னால் சுவரில் நிழல் குலுங்கிக் குலுங்கித் தும்மும். மூன்று நாள் கழித்து அடங்கியது. அந்தச் சாம்பார்க் கரண்டியைத் தூர எறியும்வரை நான் உங்கள் வீட்டில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கமாட்டேன் என்று மெட்டில்டா ஆள் அனுப்பினாள். டீச்சர் எறிந்தார். யாருக்கும் தெரியாமல்தான் எறிந்தார், ஆனால் குப்பைக்காரர் சொல்லிவிட்டார்.

இதற்குள் தெருவுக்கு ஒரு புதுப் பொழுதுபோக்கு வந்திருந்தது. யார் யாருக்கு எவ்வளவு நீலம் என்று பார்த்தால், மெட்டில்டாவோடு யார் எத்தனை நெருக்கம், எந்தப் பக்கத்தில் நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதெல்லாம் தரையிலேயே எழுதியிருந்தது. பால்காரருக்கு ஒரு கை, மீன்காரிக்கு ஒரு தோள், ஜென்மப் பகையாளியான டீச்சருக்குப் பாதி உடம்பு. எல்லாம் சரியாக இருந்தது, திருவிழாவின் ஆறாம் நாள் துறைமுகத்துக் கிடங்கில் வேலைநிறுத்தம் வந்து, தொபியாஸ் காலை ஒன்பது மணிக்குப் பேப்பர் வாங்கத் தெருவில் இறங்கும்வரை.

தொபியாஸ் மெட்டில்டாவின் புருஷன். கிடங்கில் மேஸ்திரி. அவர் நடந்துபோனார், நிழல் கூடவே போயிற்று. தலையிலிருந்து கால்வரை சாம்பல். ஒரு சொட்டு நீலம் இல்லை.

பேச்சிமுத்து சட்டைமேல் வைத்த இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து, ஒரு காலர் கருகியது. தொபியாஸ் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுப் பேப்பரோடு திரும்பி வந்தார். வாசலில் நின்ற மெட்டில்டா அப்போதுதான் பார்த்தாள். அவள் பார்த்ததை எதிர்வீட்டு மாடியிலிருந்து டீச்சர் பார்த்தார்.

"சாருக்கு மட்டும் ஒண்ணுமே ஒட்டலையே, மெட்டில்டா" என்றார் டீச்சர். குத்தலாக இல்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னதால்தான் தைத்தது.

அதில் ரகசியம் எதுவும் இல்லை. தொபியாஸ் கிடங்குக்குக் கிளம்பும்போது இருட்டு, திரும்பும்போது இருட்டு. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடியற்காலைப் பூசை, மெட்டில்டாவுக்குப் பாடற்குழுவோடு எட்டரைப் பூசை. ஏனென்றால் இரண்டு பேரும் சேர்ந்து விடியற்காலையில் போனால் ஆறரைக்கு வாசலில் போடும் பால் பாக்கெட்டை எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான். பூசையிலிருந்து வந்ததும் அவர் சாய்வுநாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, குடி இல்லை. இருபத்திரண்டு வருடமாக இரண்டு பேரும் ஒன்றாக வெயிலில் நிற்க ஒரு காரணம் அமையவில்லை, அவ்வளவுதான். ஆனால் இதை ஒவ்வொரு வீடாக ஏறி யாரிடம் சொல்வது? இன்னும் நாலு நாளில் தேர்ப்பவனி. சாயங்கால வெயிலில், நிழல்கள் தெருவை அடைத்துக்கொண்டு நீளுகிற நேரத்தில், புருஷனும் பெண்டாட்டியுமாக எல்லோரும் நடக்கும்போது, பால்காரரின் கை, மீன்காரியின் தோள், நாயின் காது இவற்றுக்கு நடுவே, மெட்டில்டாவின் நீலத்துக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் நடந்து வரும்.

பொறுமை என்பது மெட்டில்டாவுக்குக் கன்னியாஸ்திரீகள் எவ்வளவோ முயன்றும் ஏறாத பாடம். "ஏங்க, எந்திரிங்க. வாசல்ல வந்து நில்லுங்க" என்று அவரைப் பேப்பரோடு கிளப்பிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தி, தன் நிழலைத் தூக்கி அவர் நிழல்மேல் போட்டதுபோல் பக்கத்தில் நின்றாள். அரைமணி நேரம் நின்றாள். அவர் பேப்பரின் இரண்டாம் பக்கத்தை முடித்து மூன்றாம் பக்கம் போனார். ஒன்றும் ஏறவில்லை. முறைப்படி சோடாவில் ஊறிய சாயம். வடிந்தது போக மிச்சம் கல்வெட்டு மாதிரிப் பிடித்திருந்தது. சூசையம்மா கல்லுப்பு போடச் சொன்னாள், யாரோ வினிகர் என்றார்கள், பேச்சிமுத்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்தான்.

"எதுக்கு நிக்கிறோம்?" என்று கடைசியில் தொபியாஸ் கேட்டார்.

மெட்டில்டா விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. மறுநாள் வேலைநிறுத்தம் முடிந்து அவர் கிடங்குக்குப் போய்விட்டதால், அவள் பேசவில்லை என்பதே அவருக்கு இரண்டாம் நாள் சாயங்காலம்தான் தெரிந்தது. அதுவும், மூன்று வேளையும் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயுமே வந்ததால் தெரிந்தது.

தேர்ப்பவனி அன்று காலையில் பாடற்குழுவின் கடைசி ஒத்திகை. அன்று டீச்சர் எந்தக் கட்டையிலும் குறை சொல்லாததையும், ஒத்திகை முடியட்டும் முடியட்டும் என்று அவளைப் பன்னிரண்டு மணிவரை பிடித்து வைத்திருந்ததையும் மெட்டில்டா கவனிக்கத் தவறவில்லை. கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பசியும் கோபமுமாக வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்தாள்.

கொல்லை நடுவில், கிடங்குக்குப் போயிருக்க வேண்டிய தொபியாஸ் நின்றுகொண்டிருந்தார். தலையில் கிடங்கு ஹெல்மெட். கண்ணில் கண்ணாடி. மூக்கில் சிமென்ட் தூசிக்குப் போடும் முகமூடி. தோளிலிருந்து முழங்கால்வரை பளிச்சென்று மின்னும் பட்டை போட்ட மேல்கோட்டு, கையில் முழங்கைவரை ஏறிய கையுறை, காலில் கம்பூட்ஸ். கையில் அந்த இங்கிலீஷ் தாள். ஒவ்வொரு வரிக்கு மேலும் கணக்கு டீச்சரின் குண்டுகுண்டான கையெழுத்தில் தமிழ் எழுதியிருந்தது. அவருக்கு முன்னால் பாத்திரம் நிறைய மஞ்சள் சாயம்.

"டீச்சர்ட்டப் போய்க் கேட்டேன்" என்றார் முகமூடிக்குள்ளிருந்து. "நீலம் அவங்ககிட்ட இல்லியாம். மஞ்சள்தான் இருந்துச்சு. சோடாத் தண்ணில பத்தரைக்கே நின்னுட்டேன். சாயத்துல ஒரு மணி நேரமா நிக்கிறேன், ஏற மாட்டேங்குது."

மெட்டில்டா பாத்திரத்தைப் பார்த்தாள். அது அவள் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டி இல்லை. கல்யாணத்துக்கு வந்த பெரிய எவர்சில்வர் அண்டா, கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி வைக்கும் அண்டா, கழுத்தில் 'தொபியாஸ் – மெட்டில்டா' என்று பெயரும் தேதியும் வெட்டிய அண்டா. சாயம் தொட்ட பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது. ஐந்தாவது வரி. அந்த வரிக்கு மேலேயும் டீச்சர் எழுதித்தான் இருந்தார்.

"அஞ்சாவது வரிய வாசிக்கலியா?" என்றாள்.

"வாசிச்சேன்."

"பெறகு?"

"அந்தத் தொட்டி சின்னது" என்றார் தொபியாஸ். "ரெண்டு பேருக்குப் பத்தாது."

மெட்டில்டாவின் வாய், எப்போதும் மூளைக்கு ஒரு பஸ் முன்னால் போவது, அன்றைக்கு முதல் தடவையாக ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டது.

"இம்புட்டையும் மாட்டிக்கிட்டு நின்னா எங்கருந்து ஏறும்?" என்றாள் கடைசியில். கிட்டே போய் ஹெல்மெட்டைக் கழற்றினாள். மேல்கோட்டைக் கழற்றினாள். கம்பூட்ஸைக் கழற்றச் சொன்னாள். முகமூடியையும் கண்ணாடியையும் கையுறையையும் மட்டும் கழற்றவிடவில்லை. நிழல் எப்படியோ போகட்டும், மூக்கும் கண்ணும் கையும் அவளுக்கு முழுசாக வேண்டும். பிறகு தானும் கையுறை மாட்டி, முகமூடி கட்டி, முக்காலியை இழுத்துப்போட்டு அண்டாவின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு தலையும் அண்டாமேல் குனிந்தன. உச்சி வெயிலில் இரண்டு நிழலும் அண்டாவுக்குள் அடங்கின.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"எட்டு மணி நேரம்னு போட்டிருக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு நாலு போதும். பேசாம நில்லுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, பேசுங்க" என்றாள்.

என்ன பேசினார்கள் என்பது தெருவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள மாடிகளில் ஏறிப் பார்த்தவர்களுக்கு, முகமூடி போட்ட இரண்டு பேர் ஒரு அண்டாவைச் சுற்றிக் கையாட்டிக்கொண்டிருந்தது மட்டும்தான் தெரிந்தது.

நாலரைக்குத் தேர் கிளம்பியது. நீல வளையப் புடவைகள் பதினெட்டும், ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக, பாடிக்கொண்டு போயின. டீச்சர் கிளிநிழலோடு முன்னால் சுருதி பிடித்துப் போனார். நிழல்கள் நீண்டு எதிர்ச் சுவரில் ஏறின. மெட்டில்டாவின் நீலத்துக்குப் பக்கத்தில் தொபியாஸின் நிழல் வந்தது: பூவரசம்பூ மஞ்சள், முழங்கைக்குக் கீழே மட்டும் சாம்பல். மெட்டில்டாவின் நீலம் அதில் ஒட்டவில்லை, கல்வெட்டாகப் பிடித்துப்போயிருந்த நீலத்தின்மேல் அந்த மஞ்சளும் ஏறவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் பச்சை தெரிந்தது, விலகினால் மறைந்தது. கூட்டம் நெருக்கியபோது பச்சை அகன்றது. தேர் திரும்ப வழிவிட்டு ஒதுங்கியபோது நூலாகி, அறுந்தது. தெரு முழுவதும் பாட்டை விட்டுவிட்டு அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நடந்தது.

"ஒட்டி நடங்கம்மா, பச்ச பத்தல" என்றாள் பின்னாலிருந்து சூசையம்மா.

தொபியாஸ் திரும்பிப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு ஒட்டி நடந்தார்.

அண்டா சமையல்கட்டுக்குத் திரும்பவில்லை. கழுத்தில் பெயருக்கு மேலே சிவப்புப் பெருக்கல் குறியோடு கொல்லையில் கிடக்கிறது. அந்த வருடம் கிறிஸ்துமஸ் பிரியாணி டீச்சர் வீட்டு அண்டாவில் வெந்தது, புதுக் கரண்டியால் கிளறியதை மெட்டில்டா நேரில் பார்த்த பிறகு. இப்போது தொபியாஸும் எட்டரைப் பூசைக்குத்தான் போகிறார்; போகும்போது கிழக்கு வெயில், வரும்போது நல்ல வெயில். அன்றைக்கு இரண்டு பேருக்கும் எழுந்திருக்கவே ஏழரை ஆகிவிடுவதால் பால் பாக்கெட் இரண்டு ஞாயிற்றுக்கிழமை திருட்டுப்போனது. எவன் எடுத்தான் என்று தெருவே தேடியது. போனால் போகிறது, கடுங்காப்பி குடித்துக்கொள்கிறோம் என்று மெட்டில்டா சொன்னாள்.